தீ அணையும் நேரம்: ஃபேன்டஸி நாவலுக்கு ஓர் உலகத்தைக் கட்டுவது எப்படி?

என் முதல் ஃபேன்டஸி நாவலுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கக் குறிப்பெழுதினேன். பதினேழு தலைமுறை அரசர்கள், மூன்று மதங்கள், இரண்டு எழுத்துமுறைகள். பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். ஒரு பெண் காலையில் எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டும். எதில் குடிப்பாள்? மண்பாத்திரமா, உலோகமா, தோல்பையா? தண்ணீரை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? நோட்டில் பதில் இல்லை. அந்த நாவல் அங்கேயே நின்றுபோனது.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், நம் உலகத்திலிருந்து ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அது ஒரு சாதாரண மனுஷியின் கைவரை எப்படி வந்து சேர்கிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது.

எழுத்தாளர்கள் எல்லாருமே ஒரே வாசல் வழியாக நுழைவதில்லை. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் மொழிகளை உருவாக்கிவிட்டு, அவற்றைப் பேச மக்களைத் தேடிப் போனவர். அர்சுலா லெ குவின் தன் ‘எர்த்சீ’ நாவல்கள் நடக்கும் தீவுக்கூட்டத்தின் வரைபடத்தை முதலில் வரைந்தார். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுத்தாளர்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்: செங்கல் வைப்பதற்கு முன்பே முழு வீட்டையும் வரைந்துவிடும் கட்டடக் கலைஞர்கள் ஒரு வகை, விதையை ஊன்றிவிட்டு என்ன முளைக்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரர்கள் இன்னொரு வகை. நீங்கள் எந்த வகை என்பது போகப்போகத் தெரியும். கீழே உள்ள படிகள் இருவருக்கும் பொருந்தும்.

முதல் படி: ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

தேவதைக் கதைகளைப் பற்றிய தன் கட்டுரையில் டோல்கீன் பச்சைச் சூரியனைப் பற்றிச் சொல்கிறார். ‘பச்சைச் சூரியன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தப் பச்சைச் சூரியன் இயல்பாகத் தோன்றுகிற ஓர் உலகத்தை உண்டாக்கத்தான் உழைப்பும் யோசனையும் வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வார்த்தைகளைச் சொல்வதற்கும் அந்த உலகத்தை உண்டாக்குவதற்கும் இடையில்தான் நம் வேலை முழுவதும் இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் உலகம் இது: சூரியன் மறைந்தால் தீ எரியாது. பகலெல்லாம் எரிந்த அடுப்பு அந்தியில் தானாக அணையும். மறுநாள் விடியும்வரை எதைத் தேய்த்தாலும் பொறி பற்றாது. மற்றதெல்லாம் நம் பூமி மாதிரியேதான்.

எந்த மாற்றத்தைத் தேர்ந்தெடுப்பது? அன்றாடத்தைத் தொடுகிற மாற்றமாகப் பாருங்கள். தொலைதூர மலையில் ஒரு டிராகன் தூங்கிக்கொண்டிருந்தால் உழவனின் காலைப்பொழுது மாறாது. அதே டிராகன் ஒவ்வொரு பருவத்திலும் பத்து மாடுகளைத் தூக்கிப்போனால், மாட்டுக் கொட்டகையின் கூரை மாறும், மாட்டின் விலை மாறும், பெண் கேட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வியும் மாறும்.

இரண்டாம் படி: விதியின் ஓரங்களைத் தட்டிப் பாருங்கள்

விதியின் நடுப்பகுதி யாருக்கும் புரிந்துவிடும். கதை ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும்.

‘சூரியன் மறைந்தால்’ என்றால் என்ன அர்த்தம்? வெளிச்சம் போவதா, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இறங்குவதா? வெளிச்சம்தான் கணக்கு என்றால், ஜன்னல் இல்லாத அறையில் பட்டப்பகலிலும் தீ எரியாது. முழுச் சூரிய கிரகணம் வந்தால் நடுப்பகலில் ஊரின் அத்தனை அடுப்பும் அணையும். தொடுவானம்தான் கணக்கு என்றால் கிரகணத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் மலையுச்சியில் இருப்பவனுக்குச் சமவெளிக்காரனைவிடச் சில நிமிடம் கூடுதலாகத் தீ கிடைக்கும்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். துருவ வட்டத்துக்கு அப்பால், அதாவது சுமார் 66.5 டிகிரி அட்சரேகைக்கு மேலே, கோடையில் சூரியன் மறையாத நாட்கள் உண்டு. வடக்கே போகப்போக அந்த நாட்கள் கூடும். என் விதிப்படி அங்கே தீயும் அப்போது அணையாது. குளிர்காலத்தில் சூரியன் எழாத நாட்களில் அங்கே தீயே கிடையாது, அதுவும் உயிரை உறைய வைக்கும் குளிரில்.

நான் தொடுவானத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிரகணக் காட்சி ஒன்றை இழந்தது வருத்தம்தான். ஆனால் அந்த வடக்கு நிலம் கிடைத்தது. நாவலின் பாதி அங்கிருந்துதான் வந்தது.

மூன்றாம் படி: ‘அதனால்?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள்

இந்தப் படியில் அவசரப்படவே கூடாது. ஒவ்வொரு விளைவுக்கும் ‘அதனால்?’ என்று மூன்று முறையாவது கேளுங்கள். முதல் பதில் எல்லாருக்கும் தோன்றுவது. மூன்றாவது பதில் பெரும்பாலும் உங்களுக்கு மட்டும் தோன்றுவது.

முதலில் உடம்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் தொடங்குங்கள். இரவில் தீ இல்லை. அதனால் பகலிலேயே சமைத்தாக வேண்டும். இது முதல் பதில். அதனால் இரவுக் குளிரைத் தாங்க, பகலில் கற்களைச் சுட்டு, துணியில் சுற்றிப் படுக்கையில் வைப்பார்கள். அதனால் நன்றாகச் சூடு தாங்கும் கல் ஒரு சொத்தாகிறது. தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. இரவில் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிக்கு வெளிச்சம் கிடையாது. அவள் விரல்நுனியால் பார்க்கப் பழகியவள். அப்படிப் பழகியவர்களில் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்தான் சிறந்தவர்கள் என்றால், அந்தச் சமூகத்தில் பார்வையற்ற பெண்ணுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று யோசியுங்கள்.

அடுத்து, தொழில். சிறிய உலையில் ஒரு பகலுக்குள் கொஞ்சம் இரும்பை எடுத்துவிடலாம். இரவும் பகலும் எரிந்தாக வேண்டிய பெரிய ஊதுஉலை இங்கே நடக்காது. நாள் கணக்கில் எரிய வேண்டிய பெரிய சூளையும் நடக்காது. அதனால் இரும்பு அரிது. நல்ல பானையும் அரிது. அதனால் கோடையில் வடக்கே சூரியன் மறையாத நாட்களில் கொல்லர்களும் குயவர்களும் கூட்டம் கூட்டமாக அங்கே போகிறார்கள். அதனால் வடக்கே போகும் சாலையைப் பிடித்திருப்பவன்தான் எல்லா வாளுக்கும் கலப்பைக்கும் சொந்தக்காரன். அரசியல் அதுவாகவே முளைத்துவிட்டது, கவனித்தீர்களா? பதினேழு அரசர்களின் பட்டியல் எனக்குத் தராததை ஒரு சூளை தந்தது.

சட்டமும் போரும் அடுத்து வரும். நிலவில்லாத இரவில் நடந்த குற்றத்துக்குக் ‘கண்ணால் கண்ட சாட்சி’ கிடையாது. குரலை அடையாளம் சொல்லும் சாட்சிதான் உண்டு. கோட்டைக் காவலர் தீப்பந்தம் பிடிக்க முடியாது. மதிலைச் சுற்றிச் சரளைக்கல் பரப்பி, காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்பார்கள்.

கேள்விகள் தீர்ந்துபோனால் நம்மிடமே ஒரு பழைய கேள்வித்தாள் இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. அங்கே வாழ்பவர்களின் அகவுணர்வை உரிப்பொருள் என்கிறது. உலகம் கட்டுகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான பட்டியல் என் கண்ணில் பட்டதில்லை. பறை என்ற சொல்லைப் பார்த்ததும்தான், தீ அடங்கப் போகிறது என்று அந்தியில் ஊருக்கு அறிவிக்க ஒருவர் இருந்தாக வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. யாழ் என்றதும், இருட்டு வீட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவிக்க ஆளுக்கொரு ராகத்தை முணுமுணுத்தபடி நடக்கும் குடும்பம் ஒன்று கிடைத்தது. உரிப்பொருள் என்று வந்தபோது கொஞ்சம் நின்று யோசித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாத இரவுகளில் காதல் எப்படி இருக்கும்? சண்டை எப்படி இருக்கும்?

இந்தப் படியின் கடைசிக் கேள்வி: இந்த மாற்றத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? இதற்குப் பதில் எழுதினால் பாதி கதைப்பின்னல் கிடைத்துவிடும்.

நான்காம் படி: வரைபடம்

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1881-ல் பொழுதுபோக்காக ஒரு தீவின் வரைபடத்தை வரைந்தார். அதை உற்றுப் பார்த்தபோதுதான் ‘டிரஷர் ஐலண்ட்’ என்ற புதையல் தேடும் கதை பிறந்தது. பிற்பாடு பதிப்பாளருக்கு அனுப்பிய வரைபடம் தொலைந்துபோனது. புத்தகம் முழுவதையும் அலசி, எங்கெங்கே எந்தக் குறிப்பு வருகிறது என்று பட்டியலெடுத்து, அதற்குப் பொருந்தும்படி இன்னொன்றை வரைய வேண்டியதாயிற்று. முதலில் வரைவது விளையாட்டு, பிறகு பொருத்துவது தண்டனை என்று அனுபவத்தில் உணர்ந்தவர் அவர். டோல்கீனும் இதையேதான் சொன்னார்: வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்குள் பொருத்தியது புத்திசாலித்தனம், தலைகீழாகச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று.

அழகாக வரைய வேண்டிய அவசியமில்லை. இயற்கை ஒப்புக்கொள்ளும்படி இருந்தால் போதும். ஆறுகள் கடலை நோக்கி ஓடும் வழியில் ஒன்றோடொன்று சேரும். கழிமுகத்தைத் தவிர மற்ற இடங்களில் அவை பிரிவது அபூர்வம். கடற்காற்றை மறிக்கும் மலைத்தொடரின் ஒரு பக்கம் மழை கொட்டும், மறுபக்கம் வறண்டு கிடக்கும். ஊர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தில், பாதைகள் குறுக்கிடும் இடத்தில், ஆற்றைக் கடக்க முடிகிற இடத்தில் உருவாகும்.

தூரத்தை நாட்களில் கணக்கிடுங்கள். நல்ல பாதையில் ஒரு மனிதன் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் நடப்பான். குதிரையில் போனால் 50 வரை போகலாம். அதையே தினமும் செய்தால் குதிரை தாங்காது. குதிரையை இரவு பகலாக ஓட்டுகிற கதாநாயகர்களை நான் மன்னிப்பதே இல்லை. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ தீவனம் வேண்டும், அதைத் தின்று முடிக்க நேரமும் வேண்டும்.

படையெடுப்பு உண்டென்றால் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 1 கிலோ தானியம் என்று வைத்தால், 10,000 பேர் கொண்ட படைக்குத் தினமும் 10 டன். முப்பது நாள் பயணத்துக்கு 300 டன். அதைச் சுமக்கும் மாடுகளும் தின்னும். ஆகவே படை ஆற்றோரமாகப் போகும், படகில் தானியம் வரும். இல்லையென்றால் வழியிலுள்ள கிராமங்களின் களஞ்சியங்கள் காலியாகும். இரண்டாவது வழியை எடுத்தால், அந்தக் கிராமத்தில் ஒரு பிள்ளையின் கண்ணில் ‘நம்’ படை எப்படித் தெரியும்?

ஐந்தாம் படி: மாயத்துக்கு எல்லை போடுங்கள்

ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் வகுத்த ஒரு விதி எழுதுகிறவர்களிடையே பிரபலம்: மாயத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு அந்த அளவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவருடைய இரண்டாம் விதியைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். சக்தியைவிட அதன் வரம்புதான் சுவாரசியம் என்கிறது அது.

என் நாவலில் ஒரு பெண் இருக்கிறாள். இரவில் தீ மூட்டக்கூடியவள். ஆனால் அந்தத் தீயின் சூடு அவள் உடம்பிலிருந்து போகிறது. ஒரு கை நெருப்பு மூட்டினால் விரல்கள் மரத்துப்போகும். ஓர் அடுப்பு எரிந்தால் பல் கிட்டித்துக்கொள்ளும். இந்த வரம்பை இரண்டாம் அத்தியாயத்தில், ஒரு சின்னக் காரியத்தில் காட்டிவிடுகிறேன்: காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க, ஒரு நொடி வெளிச்சம். அப்போதுதான் கடைசியில் அவள் ஒரு சூளையையே மூட்டப்போகும்போது வாசகர் பயப்படுவார்.

மாயத்தை விளக்காமல் மர்மமாகவே வைத்திருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்படி வைத்தால், அது யாரையும் கடைசி நேரத்தில் காப்பாற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: பெயரும் பேச்சும்

தமிழில் எழுதுகிற நமக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும், தனி வாய்ப்பும் இருக்கிறது.

நம் சொற்களுக்குள் நம் பூமி ஒளிந்திருக்கிறது. ‘திங்கள்’ என்றால் நிலவு, மாதம், ஒரு கிழமை. நிலவே இல்லாத உலகத்தில் ‘மூன்று திங்கள் கழித்து’ என்று எழுத முடியுமா? வியாழன் என்ற கோள் இல்லாத வானத்தின் கீழே வியாழக்கிழமை எப்படி வரும்? கிழக்கு என்ற சொல்லில் ‘கீழ்’ இருக்கிறது, மேற்கில் ‘மேல்’ இருக்கிறது. மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. உங்கள் உலகத்தில் மலை எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, மாற்றினால் வாசகர் மூச்சுத் திணறுவார். ஆனால் கதையின் மையமான மாற்றத்தைத் தொடுகிற சொற்களை மட்டும் அவசியம் மாற்றுங்கள். என் உலகத்தில் ‘விளக்கு வைக்கும் நேரம்’ என்று யாரும் சொல்ல முடியாது. ‘தீ அடங்கும் நேரம்’ என்கிறார்கள்.

வசைச்சொல்லையும் மறக்காதீர்கள். என். கே. ஜெமிசின் 2015-ல் வெளியிட்ட ‘தி ஃபிஃப்த் சீசன்’ நாவலில் பூமி ஓயாமல் குலுங்கி மனிதர்களை அழிக்கிறது. அங்கே உள்ளவர்கள் திட்டும்போது பூமியைப் பொல்லாதது என்கிறார்கள், துருவைச் சொல்லித் திட்டுகிறார்கள். பல பக்க வரலாறு சொல்ல வேண்டியதை ஒரு வசவு சொல்லிவிடுகிறது.

அடுத்து, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள்? நீ, நீங்கள், தாங்கள் என்ற தேர்வு ஒவ்வொரு உரையாடலிலும் உங்கள் முன் வந்து நிற்கும். அரசியை அவள் தோழி தனிமையில் ‘நீ’ என்றும் சபையில் ‘தாங்கள்’ என்றும் அழைத்தால், அவர்கள் உறவை விவரிக்க வேறு வரி வேண்டாம். உறவுச்சொற்களில் எச்சரிக்கை தேவை. ‘மாமா’, ‘அத்தை’ என்று எழுதினால் யார் யாரை மணக்கலாம் என்கிற முறையும் கூடவே வந்துவிடும். அது உங்கள் உலகத்தில் உண்டா என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.

பெயர்களுக்கு ஒரு சின்ன உத்தி: நாட்டுக்கு நாடு ஒலியைப் பிரியுங்கள். என் வடக்கத்தியர் பெயர்கள் வல்லின ஓசையோடு குறுகி நிற்கும், தெற்கத்தியர் பெயர்கள் உயிரோசையில் நீளும். ஒரு நாட்டார் தனித்தமிழிலும் இன்னொரு நாட்டார் வடசொல் கலந்தும் பேசுவதாக வைத்தால், மொழிபெயர்க்காமலேயே இரண்டு மொழிகள் காதில் விழும்.

ஏழாம் படி: வரலாறு

இதற்கு அதிக நேரம் வேண்டாம். இன்றைக்கும் யாருக்காவது வலிக்கிற வரலாற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் இரண்டு விதமாக எழுதிவையுங்கள்: வென்றவர்கள் சொல்வது ஒன்று, தோற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இன்னொன்று.

எட்டாம் படி: பக்கத்தில் எவ்வளவு?

கட்டிய உலகத்தில் பெரும்பகுதி நாவலில் வராது. வரவும் கூடாது. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருப்பது வாக்கியத்தின் நடையில் தெரியும். இதோ முதல் டிராஃப்டில் நான் எழுதியது:

‘இந்த நாட்டில் சூரியன் மறைந்த பிறகு தீ எரிவதில்லை. ஆகையால் குயவர்கள் பகல் முடிவதற்குள் பானைகளைச் சுட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பானைகள் உடைந்துவிடும்.’

தகவல் சரி. ஆனால் அங்கே யாருமே இல்லை. திருத்தி எழுதியது:

‘இமரி சூளையின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. உள்ளே இன்னும் சிவப்புதான். கோட்டைச் சுவரின் நிழல் களிமண் குவியலைத் தொட்டுவிட்டது.

“மூடிடலாமா அக்கா?”

“விறகு போடு.”

“பறை அடிச்சுட்டாங்க.”

“எனக்கும் காது கேக்குது. போடு.”

இமரி கடைசிக் கட்டையைத் தள்ளினாள். அது பற்றவில்லை. சூளைக்குள் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ விரிசல் விட்டது. பிறகு இன்னொன்று. அக்கா இருட்டில் எண்ணிக்கொண்டிருந்தாள்.’

விதியை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பறைக்கும் நிழலுக்கும் தீக்கும் தொடர்பு இருப்பதை வாசகர் தானே கண்டுபிடிக்கிறார். தானே கண்டுபிடித்ததை அவர் சந்தேகப்பட மாட்டார். ஒரு விஷயத்தைப் பாத்திரங்கள் இருவருக்கும் தெரியுமென்றால், அதை ஒருவர் மற்றவருக்கு விளக்குகிற வசனத்தை வெட்டிவிடுங்கள். விளக்கியே ஆக வேண்டுமென்றால் அதைத் தெரியாத ஒருவரை, தெரியாததால் ஆபத்தில் மாட்டுகிற ஒருவரை, உள்ளே கொண்டுவாருங்கள்.

ஒன்பதாம் படி: குறிப்பேடும் திருத்தமும்

முதல் பத்துப் பக்கத்துக்கு வேண்டியது தெரிந்ததும் எழுதத் தொடங்கிவிடுங்கள். எழுதிக்கொண்டே போகும்போது முடிவு செய்ததையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் பதியுங்கள்: பெயர்கள், வயது, தூரம், யாருக்கு எந்த ரகசியம் எப்போது தெரிந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் நாளும் பொழுதும் எழுதுவது கட்டாயம். டோல்கீன் 1944-ல் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், பிரிந்து பயணிக்கும் பாத்திரங்களின் கதையில் நிலவு ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைவதைக் கண்டுபிடித்து, பழைய அத்தியாயங்களைத் திருத்துவதில் ஒரு பிற்பகல் முழுவதும் போனதென்று சொல்கிறார். என் குறிப்பேட்டில் ‘அந்திக்கு இன்னும் எவ்வளவு நேரம்’ என்று தனியாக ஒரு பத்தியே இருக்கிறது.

முழு டிராஃப்டும் முடிந்ததும், உங்கள் மாற்றம் அழித்துவிட்ட சொற்களைக் கணினியில் தேடிப் பாருங்கள். நான் விளக்கு, சுடர், தீப்பந்தம், வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். இரவுக் காட்சிகளில் நான்கு இடங்களில் கை பழக்கத்தில் எழுதியிருந்தது. மூன்றைத் திருத்தினேன். நான்காவதில், நள்ளிரவில் ஊருக்குள் நுழையும் ஒருவன் தூரத்து ஜன்னலில் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்க்கிறான். அந்த வரியை அழிக்கக் கை போனது. பிறகு, அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இரவில் தீ மூட்டும் அந்தப் பெண் கதைக்குள் வந்தது அந்த ஜன்னல் வழியாகத்தான்.